அடுப்படியில் கொடுத்த நண்டு

என் மனைவி இறந்த பிறகு நான் பேருந்துகளில் ஏறத் தொடங்கினேன். கள்ளக்குறிச்சி நிலையத்திலிருந்து எது முதலில் புறப்படுகிறதோ அதில் ஏறிக்கொள்வேன். சங்கராபுரம் வரை போய் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவேன். சில நாள்களில் உளுந்தூர்பேட்டையில் இறங்கி, நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றை ஒன்று முந்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு இறங்கிய வண்டியிலேயே ஏறி வந்த வழியே திரும்புவேன். ஒருமுறை நடத்துநர், “எதனா வெச்சிட்டு மறந்துட்டீங்களா சார்? இப்பதானே எறங்கினீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லியிருந்தால் பேச்சு நீண்டிருக்கும்.

வீட்டில் இருக்க முடியவில்லை. வெளியே போனாலோ உடனே வீட்டுக்குத் திரும்ப வேண்டும்போல் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இருக்கை எனக்குத் தேவைப்பட்டது.

கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓடைகளிலும் ஊற்றுகளிலும் வாழும் நன்னீர் நண்டுகளே என் ஆய்வுக்களம். வாழ்நாளில் ஒரு நல்ல பகுதி கல்லைப் புரட்டிப் பார்ப்பதில் கழிந்தது. புரட்டிய கல்லை அதே இடத்தில், அதே முகம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டு வருவது எங்கள் வேலையின் ஒழுங்குகளில் ஒன்று. அடியில் இருக்கும் உயிர்களுக்கு அந்த ஈரமும் இருட்டும் திரும்பக் கிடைக்க வேண்டும். ஓய்வு பெற்றபின் என் மனைவியும் உடன் வரத் தொடங்கினாள். அவள் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்தவள். எலவனாசூர்கோட்டையில் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவள் என்பதால் நண்டுகளைக் குறித்து அவளுக்கு வியப்பு எதுவும் இல்லை. மலைக்காற்றுக்காகவும், போகும் இடத்தில் மனிதர்களிடம் பேசுவதற்காகவும் வந்தாள்.

சங்கராபுரம் வண்டியிலும் உளுந்தூர்பேட்டை வண்டியிலும் ஏறிய நான் வெள்ளிமலை வண்டியில் மட்டும் ஏறாமல் இருந்தேன். அங்கே ஒரு வேலை பாதியில் நின்றிருந்தது.

கல்வராயன் மலையில், அந்தப் பேருந்து கடைசியாக நின்று திரும்பும் சிற்றூருக்கு அப்பால், சரிவின் அடிவாரத்தில் ஓர் ஊற்று உண்டு. பாறை வெடிப்பிலிருந்து கோடையிலும் நீர் கசியும். சுற்றிலும் காட்டைத் திருத்தி மரவள்ளி நட்டிருக்கிறார்கள். ஊற்றைச் சுற்றி மட்டும் சில கடுக்காய் மரங்களும் புதரும் எஞ்சியிருந்தன. ஒரு பிற்பகலில் நான் ஓடையின் கீழ்ப்பகுதியைத் துழாவிக்கொண்டிருக்க, அவள் ஊற்றில் கால் நனைத்து உட்கார்ந்திருந்தாள். ஈரப்பாறையில் அவளுடைய செருப்பு வழுக்கி வெடிப்புக்குள் போய்விட்டது. கையை விட்டுத் தேடியவள் என்னைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, இங்க வாங்க. செருப்பை எவனோ உள்ள இழுத்துக்கிட்டான். பதிலுக்கு இதைக் குடுக்கிறான், வாங்கிக்கலாமா?”

அவள் விரல்களில் ஒரு நண்டு இருந்தது. ஓடு நனைந்த பாறையின் பழுப்பு நிறம். கால்கள் கத்தரிக்காயின் தோல் நிறம். இந்த மலைகளில் நான் பார்த்திருந்த எல்லா நண்டுகளுக்கும் கண்ணுக்குப் பின்னால், ஓட்டின் விளிம்பில், ஒரு சிறு முள் இருக்கும். இதற்கு அந்த இடம் நகம்போல வழுவழுப்பாக இருந்தது. நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

“புதுசா?” என்றாள்.

“இருக்கலாம். ஆனால் இது பெண். ஆண் இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது.”

“உங்க சாஸ்திரத்துலயும் ஆம்பளை வந்து கையெழுத்துப் போட்டாத்தான் நடக்குமா?”

அவள் கேலிக்குச் சொன்னாலும் நிலைமை ஏறக்குறைய அதுதான். நண்டின் வயிறு ஒரு மடலாகச் சுருண்டு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் நண்டில் அந்த மடலுக்கு உள்ளே ஊசிபோல் இரு சிறு இனச்சேர்க்கை உறுப்புகள் மறைந்திருக்கும். அவற்றின் நுனி எப்படி வளைகிறது என்பதை வைத்துத்தான் ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரிக்கிறோம். நிறம் ஏமாற்றும், ஓடு வயதுக்கேற்ப மாறும், அந்த வளைவு மாறாது. வளர்ந்த ஆண் ஒன்றை மூல மாதிரியாகப் பிடித்துப் பாதுகாத்து, விவரித்து வெளியிட்டாலன்றிப் புதிய இனத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாத உயிர் எந்த ஆவணத்திலும் ஏறாது. அதைக் காக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்கக்கூட முடியாது.

அன்று பேருந்து நேரம் வரை இருவரும் தேடினோம். ஆண் அகப்படவில்லை, செருப்பும் அகப்படவில்லை. மழைக்குப் பிறகு வரலாம் என்று முடிவு செய்தோம். மழைக்கு முன்பே அவளுக்கு நோய் வந்தது.

மருத்துவமனையில் ஒருநாள், “அந்த நண்டுக்குப் பேர் வெச்சாச்சா?” என்று கேட்டாள். ஆண் கிடைக்கவில்லையே என்றேன். “பாவம், செருப்பைப் போட்டுக்கிட்டு எங்கயோ போயிட்டான்” என்றாள். அவள் பெயரையே வைக்கப்போகிறேன் என்று நான் அப்போது சொல்லவில்லை. விவரித்து எழுதுபவர் தம் பெயரைத் தாமே வைத்துக்கொள்வது எங்கள் துறையில் வழக்கமில்லை. பிறர் பெயரை வைக்கலாம். ஆண் நண்டைக் கையில் பிடிக்கும்முன் பெயரைப் பேசுவது முறையாகத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

அவள் போனபின் அவளுடைய கைபேசியை நான் அணைக்கவில்லை. என்னுடையதோடு சேர்த்து அதற்கும் மின்னேற்றம் செய்துவந்தேன். ஒரு காலையில் அது ஒலித்தது. எடுத்ததும் எதிர்முனைப் பெண்குரல் மூச்சுவிடாமல் பேசிற்று.

“டீச்சரம்மா, நல்லாகீறீங்களா? ஆளையே காணோம். இங்க ரோடு வருதுங்க. ஊத்துப் பக்கமாத்தான் கல்லு நட்டுட்டுப் போயிருக்காங்க. சாரு நண்டு தேடணும்னு சொல்லிக்கினு இருந்தாரே, வந்தா இப்பவே வரச் சொல்லுங்க.”

மலையில் பேருந்து நிறுத்தத்துக்கு அருகே குடியிருக்கும் பெண் அவர். எப்போது போனாலும் அவருடைய வீட்டில்தான் எங்களுக்குத் தேநீர். மழை பிடித்துக்கொண்டால் தங்கலும் அங்கேதான். நான் யார் என்பதைச் சொல்லி, பிறகு மற்றதையும் சொன்னேன். பின்னணியில் ஒரு கோழி கொக்கரித்தது கேட்டது. பிறகு, “எப்போங்க?” என்றார். சொன்னேன். “ஒரு வார்த்தை சொல்லலையே சாரு” என்றார். உங்கள் எண் இந்தக் கைபேசியில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை என்றேன். அது உண்மை. யாருடைய எண்ணும் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் வெள்ளிமலை வண்டியில் ஏறினேன்.

அதன்பின் என் ஓட்டத்துக்கு ஒரு திசை கிடைத்தது, வேகம் கூடியது. காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்புவேன். சாலை வேலை சரிவின் மறுபக்கத்தில் தொடங்கியிருந்தது. பாறை உடைக்கும் ஓசை கேட்கும்போதெல்லாம் ஓடையில் என் கை அவசரப்பட்டது. அவசரப்படும் கைக்கு நண்டு சிக்காது. பெண் நண்டுகளும் குஞ்சுகளும் அகப்பட்டன. பிடித்த இடத்திலேயே அவற்றை மீண்டும் விட்டேன்.

தேநீர் தரும் அந்தப் பெண்ணின் கணவர், அங்கே குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியைப் பயிரிடுபவர். ஊற்றோரம் வந்து நின்று பேசுவார்.

“ரோடு வந்தா லாரி கொல்லைக்கே வந்துடும் சாரு. குச்சிக்கெழங்க தலையில சுமக்கிற வேல இல்ல. ஒடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்கும் சீக்கிரம் போய்டலாம். டோலி கட்டித் தூக்கினு போனவங்க நாங்க.”

அவர் சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை. வாசலிலேயே சாலை உள்ள ஊரில்தான் என் மனைவி இறந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு பிற்பகலில், தூறலுக்கிடையே, ஆண் நண்டு கிடைத்தது. வெடிப்பின் விளிம்பில் தானாகவே வந்து நின்றது. நன்கு வளர்ந்தது, வலக்கொடுக்கு இடக்கொடுக்கைவிடப் பெரியது. அடியைத் திருப்பிப் பார்த்தேன்; ஆணுக்கே உரிய குறுகிய மடல். கண்ணுக்குப் பின்னால் முள் இல்லை. ஈர இலைகளைப் போட்டு அலுமினியத் தூக்குச்சட்டியில் விட்டு மூடினேன். உயிருள்ள நண்டை அப்படியே பதப்படுத்தும் சாராயத்தில் போட்டால் துடித்துக் கால்களை உதிர்த்துவிடும்; முதலில் குளிரில் வைத்து மரத்துப்போகச் செய்ய வேண்டும். மலையில் பனிக்கட்டி ஏது? காலையில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மழை வலுத்து மாலை வண்டி வரவில்லை. நனைந்து, இருமிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீட்டில் குளுமையான இடம் அடுப்படியில் தண்ணீர்ப் பானைகளின் பக்கம் என்று எனக்குத் தோன்றிற்று. நேரே அங்கே போய், அடுப்பின் முன் நின்ற அந்தப் பெண்ணின் கையில் தூக்குச்சட்டியைக் கொடுத்து, “இதுல நண்டு இருக்கும்மா, பத்திரமா வைங்க” என்றேன். காய்ச்சலும் இருந்தது. கொடுத்த பாயில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

நன்றாக இருட்டியபின் அவர் என்னை எழுப்பி ஒரு தம்ளரை நீட்டினார். மிளகும் சீரகமும் பூண்டும் மணத்தன. குடித்தேன். மாதக்கணக்காக என் நாக்குக்கு எதுவும் தெரியாமல் இருந்தது. சோறும் மருந்தும் ஒன்றுபோல்தான் இறங்கின. இந்த ரசத்தின் காரம் தொண்டையில் தெரிந்தது, பிறகு ஒரு மெல்லிய இனிப்பு நாக்கில் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டேன். அவர் மகிழ்ந்து மறுபடி ஊற்றினார். அதையும் குடித்து முடித்துவிட்டுத்தான், “இது என்ன ரசம்மா?” என்றேன்.

“இன்னா ரசமா? நீங்க கொண்டாந்த நண்டுதாங்க.”

தம்ளரைக் கீழே வைத்தேன்.

“பத்திரமா வைங்கன்னு சொன்னேனேம்மா.”

“பத்திரமாத்தான் வெச்சேன். சட்டிக்குள்ள பரபரன்னு கீறிக்கினே இருந்திச்சி. பூனை வாயில போட்டுக்கினு போய்டுமேன்னு ஒடனே ஆக்கிட்டேன். இருமிக்கினே வந்தீங்க. நேரா அடுப்படிக்கு வந்து, அடுப்புகிட்ட நிக்கிறவ கையில குடுத்தீங்க. நான் இன்னான்னு நெனைப்பேன் சொல்லுங்க?”

அந்த வீடுகளில் அடுப்படியில் கொடுக்கப்படுவது சமைப்பதற்கே. கடுக்காயோ தேனோ விதையோ, வேறு காரியத்துக்கான பொருளென்றால் வாசலில் கொடுத்து, எதற்கென்று சொல்வார்கள். சளிக்கு மலையிலும் கீழ்நாட்டிலும் ஒரே மருந்துதான். இருமுகிறவர் நண்டோடு அடுப்படிக்கு வந்தால் எவரும் அதைத்தான் செய்வார்கள்.

வெளியிலிருந்து வந்த அவருடைய கணவர் பேச்சைக் கேட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். “ஒத்த நண்டுலயா ரசம் வெச்ச? எனக்குக் கம்மியா ஊத்தினப்பவே நெனைச்சேன்.”

“நீ சும்மா இரு. சாரு மொகம் எப்படி ஆயிடிச்சி பாரு.”

நான் எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. “இடிச்சீங்களாம்மா? முழுசா இடிச்சீங்களா?”

“காலு, கொடுக்கு, ஒடம்பு எல்லாம் இடிச்சி வடிகட்டினேன். மேல் ஓட்டையும் வயித்து மூடியையும் பிச்சி எறிஞ்சிட்டேன். அதுல இன்னா கீது?”

“எங்க எறிஞ்சீங்க?”

எனக்கு வேண்டிய எல்லாம் அந்த மடலின் உட்புறத்தில் இருந்தன. நண்டு சுத்தம் செய்கிறவர்கள் முதலில் பிய்த்து எறிவது அதைத்தான். நான் ஆராய்ச்சிமேசையில் நடுங்காமல் இடுக்கியால் தூக்குவதை அவர்கள் கட்டைவிரலால் தெறித்துவிடுகிறார்கள்.

பாத்திரம் கழுவும் நீர் ஓடிச்சேரும் வாழைமரத்தடியைக் காட்டினார். கோழிகள் கூண்டில் அடைந்தபிறகுதான் எறிந்தேன் என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன். கணவர் கைவிளக்கைப் பிடித்தார். நான் முழந்தாளிட்டுச் சாம்பலையும் வெங்காயத் தோலையும் விலக்கினேன். அந்தப் பெண் ஒரு முறத்தைக் கொண்டுவந்து, அள்ளிய குப்பையை அதில் பரப்பினார்.

“ஒத்த நண்டுக்கு மூணு ஆளு” என்றார் கணவர். “கொழம்பு வெச்சிருந்தாகூட தேடுறதுல ஒரு நாயம் இருந்திருக்கும்.”

மேலோடு முதலில் கிடைத்தது, விளிம்பு உடையாமல். மடல் வெகுநேரம் அகப்படவில்லை. கடைசியில் வாழைக்கன்றின் அடியில் எறும்புகள் மொய்த்த ஒரு சிறு துண்டைக் கண்டேன். உள்ளே இருந்த சதையை எறும்புகள் ஏறக்குறைய தின்றுவிட்டிருந்தன. அந்த இரு ஊசிகளும் அவற்றுக்குக் கடினம். ஒன்று முழுமையாக இருந்தது; மற்றதன் நுனி ஒடிந்திருந்தது. சாராயக் குப்பியில் அவற்றை இட்டேன். எறும்பு ஒன்றும் கூடவே உள்ளே போய்விட்டது.

அந்தப் பெண் முறத்தைத் தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். “டீச்சரம்மா இருந்திருந்தா, இது ஆக்குறதுக்கு இல்லடின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க.”

சொல்லியிருப்பாள். நான் போகுமிடமெல்லாம் எனக்கு முன்னே உள்ளே போய், நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதை அவள்தான் சொல்லிவந்தாள். அன்றுவரை அதை நான் கவனித்ததில்லை.

குப்பியையும் ஓட்டையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். விலங்கு மாதிரிகளைச் சேமித்துவைக்கும் நிலையமொன்றில் பொறுப்பாளராக இருக்கும் பெண்மணி, நண்டுகளை நன்கறிந்தவர், நுண்ணோக்கியின் அடியில் அந்த ஊசியை வைத்து நெடுநேரம் பார்த்தார். சேகரிப்பிலிருந்த மற்ற இனங்களின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அருகில் வைத்து ஒப்பிட்டார். நுனி வெளிப்புறமாகத் திரும்பி, கொக்கிபோல் மீண்டும் உள்ளே வளைந்திருந்தது. வேறெதிலும் அப்படி இல்லை.

“புதுசுதான் சார்” என்றார். “மிச்ச உடம்பு எங்க?”

“சமைச்சாச்சு.”

“யாரு?”

“நான் தங்கியிருந்த வீட்டில். நானும் அந்த வீட்டுக்காரரும் குடித்தோம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “குடிச்சீங்களா?”

“ரசமாக.”

சற்று நேரம் அடக்கிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். “மூல மாதிரியையே ரசம் வெச்சுக் குடிச்சவர் உலகத்துலயே நீங்க ஒருத்தராத்தான் சார் இருப்பீங்க. கட்டுரையில எழுதியே ஆகணும், விடமாட்டேன்.” நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது, இதை வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். உளுந்தூர்பேட்டை வரும்வரை அந்த நினைப்பு கலையவில்லை. எப்படித் தொடங்கினால் அவள் அதிகம் சிரிப்பாள் என்றுகூட யோசித்துக்கொண்டு வந்தேன். அங்கே வண்டி மாறும்போதுதான் தெரிந்தது.

துண்டுகளை வைத்தே விவரிக்கலாம். முழு ஆண் ஒன்றும் இருந்தால் நல்லது என்று பொறுப்பாளர் சொல்லியிருந்தார். மறுவாரமே மலைக்குப் போனேன். தாமதித்திருந்தேன். மண்வெட்டும் இயந்திரம் ஊற்றின் மேலேயே நின்றது. சரிவை வெட்டிய செம்மண் வெடிப்பின் வாயை மூடியிருந்தது. கடுக்காய் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கைகளால் மண்ணை விலக்கினேன். இயந்திரத்தை ஓட்டியவர் அதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். சங்கராபுரத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது.

“இன்னா சார் தேடிக்கினு கீறீங்க? மோதிரம் கீதிரம் வுட்டுட்டீங்களா?”

“நண்டு.”

“நண்டா? அதுக்கா இந்த வயசுல இவ்ளோ தூரம் ஏறி வந்தீங்க? எங்க ஊரு ஏரிக்கு வாங்க, சாக்கு நெறைய புடிச்சித் தரேன்.”

“இது வேற நண்டு.”

“வேறன்னா? ஜாஸ்தி ருசியா?”

ஆமாம் என்றேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருந்தது.

அவர் நல்ல மனிதர். தேநீர் குடித்து வருகிறேன், அதுவரை தேடுங்கள் என்று போனார். தேநீர் குடிக்க ஆகும் நேரத்தைவிடத் தாமதித்தே வந்தார். நான் தோண்டிய இடத்தில் சேறு ஊறியதே தவிர வேறெதுவும் அசையவில்லை.

துண்டுகளை வைத்தே கட்டுரையை எழுதினேன். மேலோடு, வயிற்று மடல், இனச்சேர்க்கை உறுப்புகள் இரண்டில் ஒன்று முழுமையானது என்று வரிசையாகக் குறித்தேன். மீதி உடல் சமையலில் அழிந்தது என்று ஒரு வரியில் சொன்னேன்; பொறுப்பாளர் விடவில்லை. பெயர்க் காரணம் என்ற பகுதியில், இந்த நண்டை முதலில் கண்டவரின் பெயர் இது என்று மட்டும் எழுதினேன். கட்டுரை வெளிவந்தது. அவள் பெயர் இலத்தீன் ஒலிக்கு ஏற்ற வாலோடு அச்சில் நின்றது.

அமைதி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. முன்னைவிட மோசமாயிற்று. சில இரவுகளில் தூக்கமில்லை. பகலில் மறுபடி பேருந்துகள். மண்மூடிப்போன இடத்தில் வாழ்ந்த ஓர் உயிருக்கு அவள் பெயரை வைத்திருக்கிறேன். அந்த உயிர் இன்னும் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. இல்லையென்றால், இரண்டாம் முறையும் இறந்துபோகும் ஒன்றுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டவனாவேன். கட்டுரையைப் பாராட்டி எழுதியவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை.

அடுத்த மழை முடிந்ததும் மலைக்குப் போனேன். சாலை முடிந்திருந்தது, பேருந்து இப்போது ஊற்று இருந்த வளைவைத் தாண்டிப் போகிறது. வளைவில் இறங்கிக்கொண்டேன். சாலைக்கு அடியில் குழாய் பதித்து நீரை மறுபக்கம் விட்டிருந்தார்கள். அப்படியானால் நீர் வருகிறது, எங்கிருந்தோ கசிகிறது. சாலைக்கு மேலே, வெட்டுப்பட்ட சரிவில் ஏறினேன். நான் பேருந்திலிருந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணும் கொல்லையிலிருந்து பின்னாலேயே வந்தார்.

“சாரு, வழுக்கும். விழுந்து வெச்சா ரோடு போட்டவங்க மேல பழி வந்துடும்.”

பாறையில் புதிதாக ஒரு வெடிப்பு வாய் திறந்திருந்தது. நீர் அங்கே இடம் மாறியிருந்தது. முழங்கைவரை கையை விட்டேன். ஆட்காட்டி விரலில் ஒரு கவ்வல். வாய்விட்டுக் கத்திவிட்டேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விரலில் இரத்தம் வந்தது. மலையில் வேறு நண்டுகளும் உண்டு. கடித்தது எது என்று இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். மறுபடி கையை விட்டு, இம்முறை பின்புறமாகப் பிடித்து வெளியே எடுத்தேன்.

கண்ணுக்குப் பின்னால் விரலை ஓட்டினேன். முள் இல்லை. அரைவளர்ச்சி ஆண். இருமுறை, மும்முறை தடவிப் பார்த்தேன்.

“இதுதானா?” என்றார் அந்தப் பெண்.

“இதுதான்.”

“பேரு வெச்சிட்டீங்களா?”

சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து நண்டைப் பார்த்தார்.

“டீச்சரம்மா பேரா? அப்போ இனிமே நாங்க இத திங்கக்கூடாதா சாரு?”

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அவருக்கு அது தெரிந்தாக வேண்டிய விஷயம்.

“திங்கலாம்மா. இந்த ஊத்துல மட்டும் கொஞ்ச நாளைக்கு எடுக்காதீங்க. பெருகட்டும்.”

“கொஞ்ச நாளுன்னா எவ்ளோ நாளுங்க?”

நண்டை வெடிப்பின் விளிம்பில் இறக்கினேன். பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போயிற்று. நீர் கலங்கித் தெளிந்தது.

“தெரியலம்மா” என்றேன்.

“சரி, தெரிஞ்சா சொல்லுங்க. அதுக்குள்ள எங்க ஊட்டுக்காரருக்குச் சளி புடிச்சா நான் பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் வைக்க இறங்கிப் போனார். சீக்கிரம் வாருங்கள் என்று கீழிருந்து ஒரு குரல் கொடுத்தார்.

ஒரு நண்டு போதாது. பெண் இருக்க வேண்டும்; குஞ்சுகள் இருக்க வேண்டும். அடுத்த வெடிப்புக்கு நகர்ந்து, கடிபட்ட கையையே உள்ளே விட்டேன்.